வெளிநாட்டுல வாலன்டியரா போறீங்களா? டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

இன்ஸ்டாவில் இந்த ரீல்ஸ் உங்கள் கண்ணிலும் பட்டிருக்கும். முதுகில் பெரிய பை, பின்னால் ஏதோ ஒரு நாட்டின் பச்சைப் பசேல் மலை, கையில் ஒரு மண்வெட்டி அல்லது மடியில் ஒரு குழந்தை. கீழே, 'ரெண்டே வாரம்... வாழ்க்கையே மாறிடுச்சு!' என்று ஒரு வரி. பார்த்ததும், 'நாமளும் ஒரு தடவை போயிட்டு வந்துடணும்' என்று தோன்றும். தோன்றுவதில் தப்பே இல்லை.

அடுத்த நிமிடமே மூன்று சந்தேகங்கள் வரும். எவ்வளவு செலவாகும்? ரெஸ்யூமேல போட்டா வேலைக்கு உதவுமா? நாம போறதால அங்க இருக்கிறவங்களுக்கு நிஜமாவே ஏதாவது நல்லது நடக்குமா? முதல் இரண்டையும் கூகுளில் தேடிவிட்டு, மூன்றாவதை அப்படியே விட்டுவிடுகிறோம். ஆனால், மூன்றாவது கேள்விக்கான பதில்தான் மற்ற இரண்டையும் தீர்மானிக்கிறது. உங்களால் அந்தத் தொண்டு நிறுவனத்துக்குப் பயன் இருந்தால்தான், அந்த அனுபவத்தால் உங்களுக்கும் பயன். இல்லையென்றால், அது கொஞ்சம் காஸ்ட்லியான டூர்... அவ்வளவுதான்.

இதைப் பேச இது சரியான நேரமும்கூட. 2026-ம் ஆண்டை, 'நீடித்த வளர்ச்சிக்கான சர்வதேசத் தன்னார்வலர் ஆண்டு' என்று ஐ.நா பொதுச்சபை அறிவித்திருக்கிறது. இதற்கு முன் 2001-ம் ஆண்டு இப்படி அறிவிக்கப்பட்டது. கல்லூரி வாட்ஸ்அப் குரூப்களில் 'வாலன்டியர் அப்ராட்' போஸ்டர்கள் வந்து விழும்போது எதை நம்பலாம், எதைத் தள்ளிவிட வேண்டும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது.

எங்கிருந்து வந்தது இந்தப் பழக்கம்?

இது ஏதோ 'ஜென் இஸட்' டிரெண்ட் என்று நினைக்க வேண்டாம். இதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. முதல் உலகப்போரில் சின்னாபின்னமான இடங்களில் ஒன்று, பிரான்ஸின் வெர்டன் பகுதி. 1920-ல், அங்கே எஸ்ன் என்ற கிராமத்தை மறுபடியும் கட்டித்தர ஒரு சிறு குழு வந்தது. அழைத்துவந்தவர் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் பியர் செரசோல். அந்தக் குழுவில் ஜெர்மானியர்களும் இருந்தார்கள். நேற்றுவரை எதிரி நாடாக இருந்த ஊரில் போய்ச் செங்கல் சுமந்தார்கள். அங்கே ஆரம்பித்ததுதான் 'சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்' என்ற அமைப்பு.

1934 ஜனவரியில் பீகாரைப் பெரும் நிலநடுக்கம் புரட்டிப்போட்டபோது, அதே செரசோல் சில தன்னார்வலர்களோடு இந்தியா வந்தார். வடக்கு பீகாரில் வீடுகளைத் திரும்பக் கட்டும் வேலையில் இறங்கினார்கள். உலகின் பல நாடுகளில் இன்று நடக்கும் 'ஒர்க் கேம்ப்' என்ற இரண்டு, மூன்று வார முகாம்களுக்கு முன்னோடி இதுதான். அன்றைக்கு அங்கே ஒரு தேவை இருந்தது. அந்தத் தேவையைத் தேடி ஆட்கள் போனார்கள். இன்றைக்குப் பல இடங்களில் இது தலைகீழாக நடக்கிறது. ஆட்கள் முதலில் வந்துவிடுகிறார்கள், அவர்களுக்காகத் தேவையைத் தேடுகிறார்கள். சிக்கல் தொடங்கும் இடமும் இதுதான். அதைக் கொஞ்சம் பின்னால் பார்ப்போம். முதலில் நல்லதைப் பேசிவிடலாம்.

உங்களுக்கு என்ன கிடைக்கும்?

வேலை விஷயத்திலிருந்தே ஆரம்பிப்போம். அமெரிக்க அரசின் 'தேசிய மற்றும் சமூக சேவைக் கழகம்' 2013-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. வேலை இல்லாமல் இருந்தவர்களில், தன்னார்வப் பணி செய்தவர்களுக்கு வேலை கிடைக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 27 சதவிகிதம் அதிகமாக இருந்தது. படிப்பு குறைவாக இருந்தவர்களுக்கும், கிராமப்புறத்தில் இருந்தவர்களுக்கும் இந்த வித்தியாசம் இன்னும் கூடுதல். இது அமெரிக்காவின் கணக்கு, உள்ளூர்ப் பணியையும் சேர்த்த கணக்கு. அதனால், 'போயிட்டு வந்தா வேலை கன்ஃபார்ம்' என்று இதைப் படிக்கக் கூடாது. ஆனாலும், இன்டர்வியூவில் சொல்ல ஒரு நிஜமான வேலையும் அதற்குச் சாட்சி சொல்ல ஒரு மனிதரும் இருப்பது சாதாரண விஷயம் இல்லை.

மேற்படிப்புக் கனவு இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. பிரிட்டன் அரசு தரும் 'செவனிங்' உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க 2,800 மணி நேரப் பணி அனுபவம் வேண்டும். அதில் சம்பளமில்லாத தன்னார்வப் பணியையும் கணக்கில் சேர்த்துக்கொள்கிறார்கள். ஆகவே, எங்கே வாலன்டியராகப் போனாலும் எத்தனை மணி நேரம், என்ன வேலை, யார் மேற்பார்வை என்று எழுதி ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். கலர் கலராக இருக்கும் சான்றிதழைவிட அந்த ஒரு பக்கக் கடிதம் அதிகம் பேசும்.

காகிதத்தில் வராத லாபமும் உண்டு. நம் வீட்டில், நம் தெருவில், நம் கல்லூரியில் நாம் யார் என்று எல்லோருக்கும் தெரியும். நாம் சொல்வது பாதியிலேயே புரிந்துவிடும். அங்கே அப்படி இல்லை. மொழி தெரியாத சமையலறையில் பாத்திரம் கழுவும்போதும், வேற்று நாட்டுக்காரர் நம்மிடம் ஒரு வேலையை மூன்றாவது முறையாகப் பொறுமையாக விளக்கும்போதும் நமக்கு எவ்வளவு தெரியாது என்பது புரியும். கேட்டுச் செய்வது, சொன்ன நேரத்துக்கு வருவது, தெரியாததைத் 'தெரியாது' என்று சொல்வது... அடுத்த பத்து வருடத்துக்கு உதவும் பழக்கங்கள் இவை. ஆனால், உங்களை நம்பி ஒரு வேலையை ஒப்படைத்தால்தான் இதெல்லாம் வரும். போட்டோவுக்காக நிறுத்திவைத்தால் வராது.

அமைப்புகளுக்கு என்ன கிடைக்கும்?

'இலவசமா ஆள் கிடைக்குது, அவங்களுக்கு என்ன கசக்குமா?' என்று கேட்கலாம். கொஞ்சம் பொறுங்க. வாலன்டியர் இலவசமாகக் கிடைப்பதில்லை. தங்க இடம், பயிற்சி, கூடவே இருந்து பார்த்துக்கொள்ள ஓர் ஊழியர், உடம்புக்கு முடியாமல் போனால் மருத்துவமனை... எல்லாமே செலவுதான். அந்தச் செலவைத் தாண்டிப் பயன் வந்தால்தான் அமைப்புக்கு லாபம். அப்படி லாபம் வரும் இரண்டு இடங்களைப் பார்ப்போம்.

முதலாவது, மத்திய அமெரிக்காவில் இருக்கும் கோஸ்டா ரிகா. அதன் கரீபியன் கடற்கரையில் டோர்டுகேரோ என்ற சிற்றூர் இருக்கிறது. பச்சைக் கடலாமைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடும் கரை அது. 1950-களில் அங்கே ஆர்ச்சி கார் என்ற விஞ்ஞானி, ஆமைகளின் துடுப்பில் சின்ன உலோக அடையாளத்தைப் பொருத்திப் பின்தொடரும் ஆய்வைத் தொடங்கினார். அதை ஒட்டி 1959-ல் உருவான அமைப்பு, இன்றைக்கு 'சீ டர்ட்டில் கன்சர்வன்சி' என்ற பெயரில் அந்தப் பணியைத் தொடர்கிறது. இந்த வகை ஆய்வுகளில் உலகிலேயே நீண்ட காலமாக நடப்பது இதுதான்.

அங்கே பல நாட்டு மாணவர்கள் வருகிறார்கள். வேலை என்ன தெரியுமா? ராத்திரி நேரத்தில், பெரிய வெளிச்சம் எதுவும் இல்லாமல், மணலில் மணிக்கணக்கில் நடப்பது. ஆமை ஏறிவந்தால் ஓட்டின் நீளத்தை டேப் வைத்து அளப்பது, முட்டைகளை எண்ணுவது, ஏற்கெனவே அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பது, குறித்துக்கொள்வது. ஒன்றிரண்டு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால், நீண்ட கடற்கரையை இரவு முழுக்கக் கண்காணிக்க நிறைய கண்களும் கால்களும் வேண்டும். கூடவே பயிற்சிபெற்ற ஆய்வாளர் இருப்பதால் தப்பு நடக்க வாய்ப்பு குறைவு. வருபவர்கள் கட்டும் கட்டணம் அந்த ஆய்வு தொடர்ந்து நடக்கவும் உதவுகிறது. இங்கே இரண்டு பக்கமும் கணக்கு நேராகிறது. மாணவருக்குக் களத்தில் நிற்கும் அனுபவம், அமைப்புக்கு விடுபடாத தரவு.

இரண்டாவது, ஜெர்மனி. அங்கே முன்பு கட்டாய ராணுவ சேவை இருந்தது. ராணுவத்துக்குப் போக மனம் ஒப்பாத இளைஞர்கள், அதற்குப் பதிலாக முதியோர் இல்லங்களிலும், மாற்றுத்திறனாளிகளுக்கான இல்லங்களிலும், மருத்துவமனைகளிலும் வேலை பார்த்தார்கள். 2011-ல் கட்டாய சேவையை நிறுத்திவைத்தபோது அந்த உதவிக் கைகளும் நின்றுபோயின. அந்த இடத்தை நிரப்ப, அதே ஆண்டு ஜூலையில் 'பி.எஃப்.டி' எனப்படும் கூட்டாட்சித் தன்னார்வ சேவையை ஜெர்மனி அரசு கொண்டுவந்தது. வெளிநாட்டு இளைஞர்களும் இதில் சேரலாம். கைச்செலவுக்குப் பணமும் காப்பீடும் உண்டு. பல இடங்களில் தங்குமிடமும் தருகிறார்கள்.

இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஜெர்மனி அரசு 2008-ல் தொடங்கிய 'வெல்ட்வெர்ட்ஸ்' திட்டம், 18 முதல் 28 வயதுக்குட்பட்ட ஜெர்மன் இளைஞர்களை ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்கா பக்கம் அனுப்பிக்கொண்டிருந்தது. 'ஏன் எப்பவும் நீங்க மட்டும் இங்க வர்றீங்க? எங்க பசங்க அங்க வரக் கூடாதா?' என்ற நியாயமான கேள்வி எழுந்தது. 2013 முதல், அந்த நாடுகளின் இளைஞர்கள் ஜெர்மனிக்குப் போகும் வழியும் திறந்தது. பெரும்பாலும் ஒரு வருடம். ஒரு பள்ளியோ, முதியோர் இல்லமோ, சுற்றுச்சூழல் அமைப்போ... ஏதோ ஓரிடத்தில் தினமும் வேலை. ஆரம்பத்தில் மொழி தடுமாறும். நான்காவது, ஐந்தாவது மாதத்தில் அந்த இல்லத்தின் தாத்தா பாட்டிகளுக்கு உங்கள் பெயர் பழகியிருக்கும். அதற்குப் பிறகு வரும் மாதங்களில்தான் அமைப்புக்கு உண்மையான லாபம். உங்களுக்கும்தான்.

எங்கே சறுக்குகிறது?

இப்போது இரண்டு வார டூரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 14 நாள். சனி, ஞாயிறு நான்கு நாள் போய்விடும். மீதி 10. போய் இறங்கியதும் அறிமுகம், ஊர் சுற்றிக் காட்டுவது என்று இரண்டு நாள். வேலையைக் கற்றுக்கொள்ள இரண்டு நாள். கடைசி நாள் வழியனுப்பு விழா. கையில் மிச்சம் ஐந்து நாள். அந்த ஐந்து நாளுக்காக அந்த அமைப்பின் ஊழியர் ஒருவர் இரண்டு வாரமும் தன் வேலையை ஓரம்கட்டிவிட்டு உங்கள் கூடவே இருக்க வேண்டும். நீங்கள் கிளம்பியதும் அடுத்த குழு வரும். மறுபடியும் அதே அறிமுகம், அதே பயிற்சி, அதே வழியனுப்பு விழா.

பணக்கணக்கையும் பார்த்துவிடலாம். விமான டிக்கெட், கட்டணம், விசா எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சம் ரூபாய் ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். போகிற இடத்தில் சுவர் கட்டும் வேலை. ஒரு கொத்தனாருக்கு நாள் கூலி 1,000 ரூபாய் என்றால், அந்தப் பணத்தில் உள்ளூர்க் கொத்தனார் ஒருவருக்கு 150 நாள் வேலை கொடுக்கலாம். சுவரும் நேராக நிற்கும்!

இது வெறும் கிண்டல் இல்லை. அமெரிக்க எழுத்தாளர் பிப்பா பிடில், பள்ளி நாள்களில் குழுவோடு தான்சானியா போன அனுபவத்தை 2014-ல் எழுதினார். ஒரு காப்பகத்தில் நூலகம் கட்டுவது அவர்கள் வேலை. செங்கல் அடுக்கத் தெரியாத மாணவிகள் பகல் முழுக்கக் கட்டிய சுவரை, உள்ளூர் ஆள்கள் ராத்திரியில் இடித்துத் திரும்பக் கட்டினார்கள். மாணவிகள் மனம் வருந்தக் கூடாது என்று அவர்களுக்குத் தெரியாமலேயே இது நடந்தது. அந்தக் கட்டுரை உலகம் முழுக்கப் பரவியது. 'வாலன்டியர்' ப்ளஸ் 'டூரிசம்' சேர்ந்த 'வாலன்டூரிசம்' என்ற வார்த்தை பற்றிய விவாதம் சூடானதில் அதற்கும் பங்கு உண்டு.

கவனியுங்கள்... அந்த மாணவிகள் கெட்டவர்கள் இல்லை. உழைக்கத் தயாராகவே போனார்கள். அந்தத் திட்டம் யாருக்காக வடிவமைக்கப்பட்டது என்பதில்தான் பிரச்னை. நூலகம் தேவைப்பட்டவர்களுக்காகப் போட்ட திட்டமாக இருந்திருந்தால், செங்கல் அடுக்கத் தெரிந்தவர்கள் கையில் கரண்டி இருந்திருக்கும்.

இந்த ஒரு கோட்டை மட்டும் தாண்டாதீங்க!

சுவர் கோணலானால் இடித்துக் கட்டலாம். குழந்தைகள் விஷயத்தில் அது முடியாது. வெளிநாட்டு வாலன்டியர் விளம்பரங்களில் அதிகம் மனதைத் தொடுவது ஆதரவற்ற குழந்தைகளின் இல்லம்தான். அதிக ஆபத்தானதும் அதுவே.

கம்போடியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 2005 முதல் 2010 வரையிலான ஐந்தே ஆண்டுகளில் அங்கே இப்படிப்பட்ட இல்லங்களின் எண்ணிக்கை 75 சதவிகிதம் உயர்ந்து 269 ஆனது. அப்போது அங்கே போர் எதுவும் நடக்கவில்லை. திடீரென்று பெற்றோரை இழந்த குழந்தைகள் எங்கிருந்து வந்தார்கள்? யுனிசெஃப் பார்த்தபோது, அந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தந்தையோ உயிரோடு இருப்பது தெரிந்தது. 'உங்க பிள்ளைக்கு நல்ல படிப்பு, நல்ல சாப்பாடு' என்ற வார்த்தையை நம்பி ஏழைப் பெற்றோர்கள் அனுப்பிவைத்த பிள்ளைகள் அவர்கள். வெளிநாட்டிலிருந்து நன்கொடையும் வாலன்டியர்களும் வரவர, இல்லங்களுக்குக் குழந்தைகள் தேவைப்பட்டார்கள். நாம் போய்க் கட்டிய கட்டணமே ஒரு குழந்தையை அம்மாவிடமிருந்து பிரிக்கக் காரணமாக இருந்திருக்கலாம் என்பதை யோசித்துப் பாருங்கள்.

அந்தக் குழந்தையின் பக்கம் நின்று இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஓர் அக்கா வருகிறார். தூக்கிக் கொஞ்சுகிறார், பாட்டுச் சொல்லித் தருகிறார். போய்விடுகிறார். அடுத்து ஓர் அண்ணன் வருகிறார். அவரும் போய்விடுகிறார். ஒட்டிக்கொள்வதும் பிரிவதுமே அந்தக் குழந்தைக்கு வாழ்க்கையாகிவிடுகிறது.

இதைச் சட்டங்களும் கவனிக்க ஆரம்பித்துவிட்டன. லாபத்துக்காகக் குழந்தைகளை இப்படி இல்லங்களுக்குக் கொண்டுசேர்ப்பதை நவீன அடிமைத்தனத்தின் ஒரு வடிவம் என்று ஆஸ்திரேலியா 2018-ல் அங்கீகரித்தது. உலகிலேயே இதைச் செய்த முதல் நாடு அதுதான். 2019 டிசம்பரில் ஐ.நா பொதுச்சபையும், இப்படிப்பட்ட இல்லங்களுக்கான தன்னார்வத் திட்டங்களால் வரும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. ஆகவே, 'ஆதரவற்ற குழந்தைகளோடு இரண்டு வாரம்' என்று எந்த போஸ்டர் வந்தாலும் ஒரே பதில்தான்: வேண்டாம்.

நம்ம ஊருக்கு வர்றவங்களைப் பாருங்க!

விருந்தாளியாகப் போகும்போது தெரியாத விஷயம், விருந்தோம்பும் பக்கத்திலிருந்து பார்த்தால் பளிச்சென்று தெரியும். அதற்கு நீங்கள் ரொம்ப தூரம் போக வேண்டாம். ஆரோவில் பக்கத்தில் 'சாதனா ஃபாரஸ்ட்' இருக்கிறது. 2003-ல் தொடங்கியது. மண் அரித்துப்போய் வறண்டு கிடந்த நிலத்தில், இந்தப் பகுதிக்கே உரிய வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காட்டைத் திரும்ப வளர்க்கிறார்கள். பல நாடுகளிலிருந்து வாலன்டியர்கள் வந்து தங்குகிறார்கள். நம் ஊர் இளைஞர்களும் சேரலாம்.

அங்கே மழைநீரைத் தேக்கக் கரை போடுவது, குழி வெட்டுவது, கன்று நடுவது, நட்டதற்கு மூடாக்குப் போடுவது என்று வேலை நடக்கிறது. சமையலும் துப்புரவும்கூட எல்லோருக்கும் பொது. பால், முட்டைகூட இல்லாத முழு வீகன் சாப்பாடுதான். 'நான் இப்படித்தான்' என்று வருகிறவர் சொல்ல முடியாது. அங்கே இருக்கும் முறைக்கு அவர்தான் மாற வேண்டும். இருபது வருடங்களுக்கு மேலாக இது ஓடுகிறது என்றால் காரணம் எளிது. காடு வளர்வதற்கு என்ன தேவை என்பதிலிருந்துதான் அங்கே வேலைப்பட்டியல் தயாராகிறது.

சென்னைவாசிகளுக்கு இன்னும் பக்கத்தில் ஒரு பாடம் இருக்கிறது. பங்குனி ஆமை என்று மீனவர்கள் சொல்லும் ஆலிவ் ரிட்லி ஆமைகளுக்காக, 1980-களின் கடைசியிலிருந்து ஜனவரி தொடங்கி ஏப்ரல் வரை ராத்திரி முழுக்கக் கடற்கரையில் நடக்கிறார்கள், மாணவர்கள் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பினர். கோஸ்டா ரிகாவில் கட்டணம் கட்டிச் செய்யும் வேலைக்கு நெருங்கிய சொந்தம் இது! நீலாங்கரை மணலில் நான்கு மாதம் நடந்து, முட்டைகளைப் பத்திரமாகப் பொரிப்பகத்துக்குக் கொண்டுவரப் பழகிய ஒருவர் டோர்டுகேரோ போனால், முதல் நாளே அவரால் அமைப்புக்குப் பயன் இருக்கும். எதுவும் தெரியாமல் போகிறவருக்கும் இவருக்கும் கிடைக்கும் அனுபவம் ஒன்றாகவே இருக்காது.

வெளிநாட்டு வாலன்டியர் வேலைக்கு நல்ல தயாரிப்பு உள்ளூர் வாலன்டியர் வேலைதான். உங்கள் கல்லூரியின் என்.எஸ்.எஸ் யூனிட்டில் இரண்டு வருடத்தில் செய்யும் 240 மணி நேரப் பணியைச் சும்மா கையெழுத்துக்காகச் செய்யாமல், ஏதாவது ஒரு திறமையை வளர்க்கப் பயன்படுத்துங்கள்.

சரி, எந்த வழியில் போகலாம்?

அமெரிக்காவின் 'பீஸ் கார்ப்ஸ்' அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமானது. 'ஐரோப்பிய ஒருமைப்பாட்டுப் படை' பெரும்பாலும் ஐரோப்பிய இளைஞர்களுக்கானது. யூடியூபில் இவற்றைப் பார்த்து ஏமாற வேண்டாம். நமக்கு இருக்கும் கதவுகள் இவை:

ஐ.நா தன்னார்வலர் திட்டம்: 1970-ல் தொடங்கியது. தலைமையகம் ஜெர்மனியின் பான் நகரம். 18 முதல் 26 வயதினருக்கு இளைஞர் பிரிவு இருக்கிறது. வாழ்க்கைச் செலவுக்கு மாதாமாதம் படி உண்டு. விண்ணப்பத்துக்குக் கட்டணமே கிடையாது. 'ஐ.நா வேலை, 5,000 ரூபாய் கட்டுங்க' என்று யாராவது மெசேஜ் அனுப்பினால் அது மோசடி.

ஜெர்மனியின் ஓராண்டு சேவை: மேலே பார்த்த அதே பி.எஃப்.டி, வெல்ட்வெர்ட்ஸ் வழிகள். அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்று பெரும்பாலும் எதிர்பார்ப்பார்கள். இது சேவை, சம்பள வேலை அல்ல. 'ஜெர்மனியில செட்டில் ஆகலாம்' என்று யாராவது ஆசை காட்டினால் நகர்ந்துவிடுங்கள்.

மாணவர் பரிமாற்றமும் முகாம்களும்: 1948-ல் தொடங்கிய 'ஐசெக்', மாணவர்களே நடத்தும் அமைப்பு. 18 முதல் 30 வயதினருக்கு ஆறு முதல் எட்டு வாரத் திட்டங்கள் இருக்கின்றன, கட்டணம் உண்டு. செரசோலின் அமைப்புக்கு இந்தியாவிலும் கிளை இருக்கிறது. ஒரே அமைப்பின் வழியாகப் போனாலும் ஒவ்வொரு திட்டமும் ஒவ்வொரு மாதிரி. அமைப்பின் பெயரைவிடத் திட்டத்தின் விவரம் முக்கியம்.

படிக்கப் போன இடத்திலேயே: ஏற்கெனவே வெளிநாட்டில் படிப்பவர்களுக்கு இதைவிட மலிவான வழி கிடையாது. உணவு வங்கி, தொண்டு நிறுவனக் கடை, பூங்கா பராமரிப்பு என்று உங்கள் தெருவிலேயே வாய்ப்பு இருக்கும். மூன்று வருடம் அதே ஊரில் இருக்கப்போவதால், உங்களைப் பழக்கிவிடுவது அவர்களுக்கும் லாபம்.

போகாமலே உதவ: 2010 ஜனவரியில் ஹைட்டி நிலநடுக்கத்தின்போது, தலைநகரின் தெருக்களுக்கு நல்ல டிஜிட்டல் வரைபடம் இல்லை. உலகின் பல மூலைகளிலிருந்து தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து 'ஓப்பன் ஸ்ட்ரீட் மேப்'பில் தெருத்தெருவாக வரைந்து கொடுத்தார்கள். மீட்புக் குழுக்கள் அதைப் பயன்படுத்தின. இன்றும் 'மிஸ்ஸிங் மேப்ஸ்' திட்டத்தில் லேப்டாப் இருந்தால் நீங்களும் வரையலாம். ஐ.நா-வின் ஆன்லைன் தன்னார்வப் பணியில் மொழிபெயர்ப்பு, டிசைன், தரவு வேலைகள் கிடைக்கும். உங்கள் தமிழும் ஒரு திறமைதான் பாஸ்!

விசாவில் விளையாடாதீங்க

'டூரிஸ்ட் விசாவுல போயிடலாம், யாரு கேக்கப்போறா?' என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். சம்பளம் வாங்காவிட்டாலும், பல நாடுகளின் சட்டப்படி வாலன்டியர் வேலையும் வேலைதான். தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்கும் பதிலாக வேலை என்றால் இன்னும் சிக்கல். உதாரணத்துக்கு, பிரிட்டனுக்கு விசிட்டர் விசாவில் போகிறவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் அதிகபட்சம் 30 நாள்தான் வாலன்டியராக இருக்கலாம். அதற்கு மேல் என்றால் தனி விசா. அங்கே மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கும் வாலன்டியராக இருப்பது வேறு, ஒப்பந்தத்தோடு சம்பளமில்லா வேலை செய்வது வேறு. இரண்டாவது, வாராந்தர வேலை நேர வரம்புக்குள் வந்துவிடும். பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டிய 6 கேள்விகள்

இதை அப்படியே ஸ்க்ரீன்ஷாட் எடுத்துக்கொள்ளலாம்.

1. இந்த வேலையைக் கேட்டது யார்? உள்ளூர் அமைப்பா, இங்கே இருக்கும் ஏஜென்ட்டா?

2. நான் வராவிட்டால் இந்த வேலையை யார் செய்வார்கள்? உள்ளூரில் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்யக்கூடிய வேலையை நான் பறிக்கிறேனா?

3. நான் கட்டும் பணத்தில் எவ்வளவு அந்த அமைப்புக்குப் போகிறது? எழுத்தில் தருவார்களா?

4. என்னிடம் என்ன திறமை கேட்கிறார்கள்? எதுவுமே கேட்காமல், 'யார் வேணா வரலாம், எப்ப வேணா வரலாம்' என்றால் உஷார்.

5. எனக்கு யார் மேற்பார்வை? எத்தனை நாள் பயிற்சி? ஏதாவது ஆபத்து என்றால் யாரை அழைப்பது?

6. நான் திரும்பிய பிறகு இந்த வேலையை யார் தொடர்வார்கள்?

நல்ல அமைப்புகள் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. சொல்லப்போனால், அவர்களும் உங்களிடம் கேள்வி கேட்பார்கள். ஏன் வருகிறீர்கள், என்ன தெரியும், எவ்வளவு நாள் இருப்பீர்கள் என்று விசாரிப்பார்கள். சில சமயம், 'இப்போதைக்கு வேண்டாம்' என்றும் சொல்வார்கள். உங்களை வேண்டாம் என்று சொல்லத் தெரிந்த அமைப்பை, 'வாங்க' என்று சொல்லும்போது தைரியமாக நம்பலாம்.

இதற்காக ஆசையைத் தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரமே ஒரு சின்ன வேலை செய்யுங்கள். உங்களுக்கு நன்றாகச் செய்யத் தெரிந்த ஒரே ஒரு விஷயத்தை எழுதுங்கள். கணக்கு எழுதுவதோ, வீடியோ எடிட்டிங்கோ, நீச்சலோ, நாற்று வளர்ப்பதோ... எதுவாகவும் இருக்கலாம். அந்தத் திறமை தேவைப்படும் ஓர் அமைப்பை முதலில் உங்கள் ஊரில் தேடிப் பிடியுங்கள். ஆறு மாதம் அங்கே வேலை பாருங்கள். அதற்குப் பிறகு வெளிநாட்டு அமைப்புக்கு நீங்கள் அனுப்பும் மெயிலில், 'எனக்கு ஒரு வாய்ப்பு கொடுங்கள்' என்று கெஞ்ச வேண்டிய அவசியம் இருக்காது. 'உங்களுக்கு இது தேவைப்படுகிறதா? எனக்கு இது தெரியும்' என்றே எழுதலாம்.